பேடா, சக்கரமா: வீட்டு இசைக்கு எந்த மிடி கீபோர்டு?

என் தங்கை மகள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். ஒன்பது வருடமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறாள். தான் பாடுவதற்கான பின்னணி இசையைத் தானே லேப்டாப்பில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று இப்போது ஆசை. போன மாதம் வாட்ஸப்பில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்று அக்காய் எம்பிகே மினி: கைக்கு அடக்கமான 25 கீ, விரலால் தட்ட எட்டு பேட், திருக எட்டு நாப், மூலையில் ஒரு குட்டி ஜாய்ஸ்டிக். இன்னொன்று எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49: நீளமாக, கறுப்பாக, இடது பக்கம் இரண்டு சக்கரத்தையும் சில பட்டன்களையும் தவிர ஒன்றுமில்லாமல்.

"மாமா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். சின்னதுல இவ்வளவு இருக்கு, பெருசுல ஒண்ணுமே இல்ல. அப்ப சின்னதுதானே லாபம்?"

உனக்குப் பெரியதுதான் என்று போனில் ஒரே வரியில் சொல்லிவிட்டேன். ஏன் என்பதை எழுதினால் இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அந்தச் சின்னப் பெட்டி வேறொருவருக்கு மிகச் சரியான பெட்டி என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்த இரண்டில் எதை வாங்கினாலும் அதற்குள்ளிருந்து சத்தம் வராது. எந்தக் கீயை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற தகவலை மட்டும் அது யூஎஸ்பி வழியாக அனுப்பும். ஒலியை உண்டாக்குவது லேப்டாப்பில் இருக்கும் சாஃப்ட்வேர். ஆர்மோனியத்திலிருந்து துருத்தியையும் நாக்குகளையும் கழற்றிவிட்டுக் கட்டைகளை மட்டும் கையில் கொடுத்தால் எப்படியோ அப்படி. எனக்குத் தெரிந்த ஒருவர் மகனுக்கு ஒன்று வாங்கிவந்து, ஸ்பீக்கர் ஓட்டை எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

இந்தத் தகவல் பரிமாற்றத்துக்கான மொழிதான் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் புராஃபெட் 600 கீபோர்டையும் ரோலண்டின் ஜூபிட்டர் 6 கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றொன்றும் ஒலிப்பதைக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒரே மொழியைப் பேசின. அந்த மொழி இன்றும் பெரிதாக மாறவில்லை. மிடி 2.0 என்று 2020ல் ஒன்று வந்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மொழி மாறாததால் நமக்கு ஒரு லாபம் உண்டு. வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய கீபோர்டும் இப்படித் தகவல் அனுப்பும் பெட்டி, அதாவது கன்ட்ரோலர், ஆகலாம். அதனால் நான் அவளிடம் முதலில் கேட்டது, "பரண்மேல ஒரு கீபோர்டு இருந்துச்சே, அது என்ன ஆச்சு?" என்றுதான். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் முதலில் அதை இறக்கித் தூசி தட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரிண்டர் கேபிள் செருகுவதுபோல் சதுரமான துளை இருந்து, பக்கத்தில் யூஎஸ்பி என்றோ யூஎஸ்பி டு ஹோஸ்ட் என்றோ எழுதியிருந்தால், ஒரு பிரிண்டர் கேபிளோடு வேலை முடிந்துவிடலாம். யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசை, கேசியோ சிடி-எக்ஸ் வரிசையில் ஐஎன் என்று முடியும் மாடல்கள் ஆகியவை இந்தியாவுக்கென்றே வந்தவை. தபலா, தம்புரா ஒலிகள் உள்ளேயே இருக்கும், லேப்டாப்பையும் திறக்காமல் வாசிக்கலாம். பஜனைக்கும் விசேஷத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கன்ட்ரோலர் பக்கமே வர வேண்டியதில்லை. இதில் ஒன்றை வாங்கி யூஎஸ்பியில் செருகிக்கொண்டால் போதும்.

இப்படி இணைக்கும்போது ஒரே ஸ்வரம் இரண்டு தடவை கேட்கும். கீபோர்டும் ஒலிக்கும், லேப்டாப்பும் ஒலிக்கும். மெனுவில் லோக்கல் என்பதை ஆஃப் செய்தால் சரியாகிவிடும். அந்த வசதி இல்லாவிட்டால் கீபோர்டின் வால்யூமைச் சுழியில் வையுங்கள். யூஎஸ்பி இல்லாமல் ஐந்து ஊசி கொண்ட வட்டமான மிடி துளை மட்டும் இருந்தால் அதற்கென யூஎஸ்பி-மிடி கேபிள் கிடைக்கும். மலிவு என்று பெயரில்லாத கேபிளை வாங்கினால் வேகமாக வாசிக்கும்போது ஸ்வரம் விட்டுப்போகும். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

எங்கள் பரணிலிருந்து இறங்கியது அவள் ஏழாம் வகுப்பில் வாங்கியது. யூஎஸ்பியும் இல்லை, மிடியும் இல்லை. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். அது திரும்பப் பரணுக்கே போனது.

சரி, 25ஆ 49ஆ என்ற கேள்விக்கு வருவோம். 25 கீ என்றால் இரண்டு ஸ்தாயி, அதற்குமேல் ஒரு ஸட்ஜம். கர்நாடக சங்கீதத்தில் பெரும்பாலான உருப்படிகள் மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்துக்கும் தார (மேல் ஸ்தாயி) பஞ்சமத்துக்கும் இடையில் நிற்கின்றன. அதுவும் இரண்டு ஸ்தாயிதான். கணக்குப்படி 25 போதும். ஆனால் இந்தப் பெட்டிகள் எல்லாம் ஸி-யில் தொடங்கி ஸி-யில் முடிகின்றன, அதாவது பாடுகிறவர்கள் ஒரு கட்டை என்று சொல்லும் சுருதியில். ஒரு கட்டையில் ஸா வைத்து வாசிக்கப் பழகியவர் நடு ஸி-யை ஸட்ஜமாகக் கொண்டால், கீழே மந்தர ஸட்ஜம் வரை தாராளமாக இடம் இருக்கும். மேலே தார ஸட்ஜத்தோடு பெட்டி முடிந்துவிடும். சரணத்தில் தார காந்தாரத்துக்கு ஏறுகிற நேரத்தில் இடது கை, கீகளை ஒரு ஸ்தாயி ஏற்றி இறக்கும் ஆக்டேவ் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஐந்து கட்டையில், அதாவது ஜி-யில் ஸா வைத்து வாசித்தால் மந்தர மத்தியமத்திலிருந்து தார மத்தியமம் வரை 25 கீயில் அச்சடித்ததுபோல் அடங்கும். பெண் குரலுக்கு ஏறத்தாழ அதுதான் சுருதியும். விரல்கள் மட்டும் ஐந்து கட்டை அமைப்புக்குப் பழக வேண்டும். ஒரு கட்டையிலேயே மாயாமாளவகௌளை வாசித்துப் பழகிய விரல்கள் இதற்கு லேசில் சம்மதிக்காது. பெட்டியில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்றால், அது ஒலியின் சுருதியை மாற்றுமே தவிர, கீ எண்ணிக்கையைக் கூட்டாது.

இது ஒரு கை வாசிப்பின் கணக்கு. இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), வலது கையில் மெட்டு என்று சினிமாப் பாட்டு பாணியில் வாசிக்கிறவருக்கு 25ல் இரண்டு கையும் மோதும். 49ல் நான்கு ஸ்தாயி, தாராளம். நடுவில் 37 கீ என்று ஒரு வகை உண்டு. கோர்க் மைக்ரோகீ 37 அப்படிப்பட்டது. மூன்று ஸ்தாயி, மேசையில் இடம் குறைவு, ஸ்வரத்தை வளைக்கும் பெண்ட் சக்கரமும் உண்டு. ஆனால் கீகள் மினி.

மினி கீ என்பதை அனுபவித்தால்தான் புரியும். பியானோவில் ஒரு ஆக்டேவின் அகலம் சுமார் 16.5 செ.மீ. முழு அளவு கீபோர்டுகளும் அதை ஒட்டியே இருக்கும். மினியில் அந்த அகலம் குறையும், கீயின் நீளமும் குறையும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை, கை அதற்கே பழகிவிடும். ஏற்கெனவே ஆர்மோனியத்திலோ கேசியோவிலோ பழகியவர் பஞ்சமத்துக்குத் தாவினால் விரல் தைவதத்தில் போய் விழும்.

இடத்தையும் அளந்துவிடுங்கள். முழு அளவு வெள்ளைக் கீ ஒன்று சுமார் 23.5 மி.மீ. 49 கீயில் 29 வெள்ளை, அதாவது 68 செ.மீ. இடது பக்கம் சக்கரங்கள் சேர்ந்தால் பெட்டி 80 செ.மீ.யைத் தாண்டும். 61 கீயில் கீகள் மட்டுமே 85 செ.மீ. 88 கீயில் 122 செ.மீ. அவள் ஹாஸ்டல் மேசை மூன்று அடி. 49 வைத்தால் லேப்டாப் பின்னால் ஒரு மேடைமேல்தான் நிற்க வேண்டும். 61 அந்த மேசைக்குப் பேசவே வேண்டாம். தினமும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்து வாசிப்பேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

இப்போது சக்கரம். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். விளம்பரப் படத்தில் பேடுகள் கலர் கலராக மின்னும். பிட்ச் பெண்ட் சக்கரத்தை ஒருவரும் கவனிப்பதில்லை. நம் இசைக்கு அதுதான் உயிர்.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டையில் ஸா என்றால் அதன் சாதாரண காந்தாரம் டி ஷார்ப் கீயில் இருக்கிறது. அந்தக் கீயை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தால் வருவது தோடி காந்தாரம் இல்லை, வாசலில் அழைப்பு மணி அடித்ததுபோல் இருக்கும். அந்த காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ரிஷபம் அங்கிருந்து இரண்டு கீ கீழே, மத்தியமம் இரண்டு கீ மேலே. பிட்ச் பெண்ட் பொதுவாக எந்த அளவில் வருகிறது தெரியுமா? மேலே இரண்டு, கீழே இரண்டு. தோடிக்கென்றே யாரோ அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. வலது கை காந்தாரத்தைப் பிடித்திருக்க, இடது கை பெருவிரல் சக்கரத்தை மெல்ல மேலும் கீழும் உருட்டினால் கமகம் வரும். ஒரே நாளில் வராது. வாரக்கணக்கில் உட்கார்ந்தால் வரும். மிடி மொழியில் கீ அழுத்தும் வேகத்துக்கு 127 படிதான் உண்டு. பெண்டுக்கு 16,384 படிகள். அதனால் அசைவு படிக்கட்டுபோல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இங்கேதான் மாடல்கள் பிரிகின்றன. எம்பிகே மினியில் சக்கரத்துக்குப் பதில் ஜாய்ஸ்டிக். அர்டூரியா மினிலேப் 3, நோவேஷன் லாஞ்ச்கீ மினி இரண்டிலும் விரலால் தடவும் பட்டை. பட்டையில் நடு இடம் எது என்று விரலுக்குத் தெரியாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கில் நடு தெரியும், ஆனால் அசைக்கிற தூரம் மிகக் குறைவு. மெல்லிய கமகத்தை அடக்கி வாசிப்பது கஷ்டம். ஸ்பிரிங் வைத்த சக்கரத்தில் நடுவுக்குத் திரும்புவதை விரலே உணர்கிறது. மிக எளிய குட்டி மாடல்கள் சிலவற்றில் பெண்டே இருக்காது, வாங்குமுன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டாவது சக்கரம் மாடுலேஷன். அதில் ஸ்பிரிங் இல்லை, வைத்த இடத்தில் நிற்கும். வயலின் கூட்டம், ஆர்கெஸ்ட்ரா ஒலிகளில் பெரும்பாலும் இந்தச் சக்கரத்தை ஏற்றி இறக்கித்தான் வில்லின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறோம். ஜாய்ஸ்டிக் விட்டதும் நடுவுக்கு ஓடிவிடும் என்பதால் பாதி அழுத்தத்தில் நிறுத்த முடியாது. நாப் ஒன்றை அந்த வேலைக்கு ஒதுக்கிச் சமாளிக்கலாம்.

பெண்டில் ஒரு குறை எல்லாப் பெட்டிக்கும் பொது. ஒரு சானலில், அதாவது ஒரே மிடி தடத்தில், ஒலிக்கும் அத்தனை ஸ்வரமும் சேர்ந்தே வளையும். இடது கையில் ஸ-ப சுருதி பிடித்துக்கொண்டு வலது கை காந்தாரத்தை அசைத்தால் சுருதியும் சேர்ந்து ஆடும். சுருதியைத் தனி டிராக்கில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு விரலும் தனித்தனியே வளைக்க வேண்டுமானால் எம்பிஇ என்ற முறை இருக்கிறது, ரோலி சீபோர்டு அதில் பேர்போனது. ஏ.ஆர். ரகுமான் வாசிக்கும் ஹேக்கன் கன்டினுவம் ஃபிங்கர்போர்டும் அதே ஆசையிலிருந்து பிறந்ததுதான், அதில் கீயே கிடையாது. விலையைக் கேட்டால் தோடி முகாரி ஆகிவிடும்.

பேடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிரம்ஸ் அடிக்க அது கட்டாயமில்லை என்று மட்டும் சொல்கிறேன். பொது மிடி ஒழுங்கில் 36ஆம் எண் பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹாட். அவை வெறும் கீகள்தான், எந்தக் கீபோர்டிலும் மூன்று விரலால் தாளம் போடலாம். ஆனால் மிருதங்கமோ கஞ்சிராவோ வாசித்த விரல்களுக்குப் பேடு வேறு சுகம். வாசிப்பதைவிட பீட் கட்டுவதுதான் முக்கியம், துண்டு துண்டாக ஒலிகளைக் கோத்துப் பாட்டாக்குவதுதான் வேலை என்றால் எனக்குத் தயக்கமே இல்லை, 25 கீ பெட்டிதான். ஏபிள்டன் லைவ் என்ற இசை சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவருக்கு 16 பேடு உள்ள லாஞ்ச்கீ மினி. தனியாக சிந்தசைஸர் வைத்திருப்பவருக்கு ஐந்து ஊசி மிடி அவுட் உள்ள மினிலேப் 3. ரயிலிலும் ஹாஸ்டல் கட்டிலிலும் மடியில் வைத்துத் தட்டுகிறவருக்கு எம்பிகே மினி. பேடும் வேண்டும், நீளமும் வேண்டும் என்றால் லாஞ்ச்கீ 49 போன்றவை இருக்கின்றன. பட்ஜெட்டும் அதற்கேற்ப ஏறும்.

கூடவே வரும் சாஃப்ட்வேருக்காக ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், லேப்ஸ் என்று இலவசமாகக் கிடைப்பவையே ஒரு வருடத்துக்குப் போதும்.

கீயின் கனம் அடுத்த விஷயம். இந்த விலையில் வருவதெல்லாம் ஸ்பிரிங் வைத்த லேசான கீ. பாட்டுக்குப் பின்னணி போட, வயலின், குழல் ஒலி வாசிக்க அது போதும், வேகமான ஸ்வரங்களுக்கு நல்லதும்கூட. பியானோவே கற்றுக்கொள்கிறவருக்கு மட்டும் பியானோபோல் கனமான ஹேமர் கீ உள்ள 88 வேண்டும். அதிலும் எம்-ஆடியோ ஹேமர் 88 போன்ற ஊமைப் பெட்டியைவிட யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10 போன்ற டிஜிட்டல் பியானோவை வாங்கச் சொல்வேன். ஸ்பீக்கரும் உண்டு, யூஎஸ்பியும் உண்டு. லேப்டாப்பைத் திறக்கச் சோம்பல் வரும் நாளிலும் பயிற்சி நடக்கும். டிரினிட்டி இசைத் தேர்வு எழுதும் பிள்ளைகள் என்றால், அதில் எலக்ட்ரானிக் கீபோர்டும் பியானோவும் தனித்தனிப் பாடத்திட்டம். எதில் சேர்ந்திருக்கிறார்கள் என்று டீச்சரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கியபின் வரும் முதல் புகார் எப்போதும் ஒன்றேதான்: கீயை அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது. கீபோர்டு பாவம். லேப்டாப்பில் ஒலி போகும் பாதைதான் காரணம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும், ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்ற அளவு அது. 44,100 சாம்பிள் வேகத்தில் 512 வைத்தால் அந்த இடத்திலேயே சுமார் 12 மில்லி செகண்ட் போய்விடும், 128 வைத்தால் 3க்குள். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் போட வேண்டும், இல்லையென்றால் எண்ணைக் குறைத்தும் பெரிய பயன் இருக்காது. புளூடூத் ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு ஒயர் உள்ளதைப் போடுங்கள். மைக்கும் வாங்கப்போகிறவர்கள் எப்படியும் மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவார்கள், அதோடு இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டிய ஒன்றைச் சூடுபட்டுக் கற்றேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். என் முதல் கீபோர்டில் ஒரே ஒரு கறுப்புக் கீ எவ்வளவு மெல்லத் தொட்டாலும் 127லேயே அலறும். பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் கூட்டத்தில் ஒருவர் தும்மியதுபோல் இருக்கும். என் விரல்தான் சரியில்லை என்று ஒரு மாதம் பயிற்சி செய்தேன். மாற்றிக்கொள்ளும் தவணை அதற்குள் முடிந்துவிட்டது. ஆகவே முதல் நாளே கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கீயையும் ஒரே மாதிரி மெல்ல அழுத்திப் பதிவு செய்து, வெலாசிட்டி (அழுத்திய வேகம்) எண்களைப் பாருங்கள். 40, 45, 38 என்று போகும் வரிசையில் ஒரு 127 வந்தால் பெட்டியைத் திருப்பி மூடி அனுப்பிவிடுங்கள். விரலை எடுத்த பிறகும் ஸ்வரத்தை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்தால் மட்டும் பயப்பட வேண்டாம். பெடலை மிதிக்காமல் செருகிவிட்டுக் கீபோர்டை ஆன் செய்தால் பல மாடல்களில் அதுவே சரியாகிவிடும்.

அவள் மேசையை அளந்தாள், ஒரு நாள் யோசித்தாள், 49 கீ வாங்கினாள். பேடு இல்லாத வருத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மாமா, நீங்க சொன்ன மாதிரிதான் காந்தாரத்தைப் பிடிச்சுட்டு சக்கரத்தை உருட்டறேன். தோடி வரல, ஆம்புலன்ஸ் வருது." கேட்டேன், ஆம்புலன்ஸேதான். அவள் போட்டிருந்த சிந்தசைஸர் சாஃப்ட்வேரில் பெண்ட் ரேஞ்ச் 12 என்று இருந்தது, காந்தாரம் ஒரு ஸ்தாயி மேலே போய்விட்டு வந்துகொண்டிருந்தது. 2 என்று மாற்றச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன்.